நின்றால்தான் நிறுக்க முடியும்: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் அரிய அணுக்கருக்களை உண்டாக்கி ஆராயும் நிலையத்தைப் பற்றி முந்தைய இதழ் ஒன்றில் சிறு குறிப்பு வெளியாகியிருந்தது. "ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ பாதி வேகத்தில் ஓடும் அணுக்கருக்களை அங்கே நிறுத்தி எடை பார்க்கிறார்கள்" என்ற ஒரு வரிதான் பலரை யோசிக்க வைத்திருக்கிறது. வந்த கேள்விகளுள் ஒன்றையொன்று தொடர்ந்து செல்பவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: அரிய அணுக்கரு என்று எதைச் சொல்கிறார்கள்? அதை நிறுத்தித்தான் அளக்க வேண்டுமா, ஓடும்போதே அளந்தால் ஆகாதா?
— கல்லூரி மாணவி, காரைக்குடி

இயற்கையில் நிலையாக இருக்கும் அணுக்கரு வகைகள் சுமார் 250 மட்டுமே. ஆய்வகங்களில் இதுவரை கண்டறியப்பட்டவையோ 3,000க்கும் மேல். மிச்சமுள்ளவை எல்லாம் சிதைந்துபோகும் இயல்புடையவை. அவற்றுள் புரோட்டான் எண்ணிக்கைக்கும் நியூட்ரான் எண்ணிக்கைக்கும் உள்ள பொருத்தம் மிகவும் குலைந்தவற்றையே அரிய அணுக்கருக்கள் என்கிறோம். நமக்குப் பழக்கமான கால்சியத்தையே எடுத்துக்கொள்ளலாம். எலும்பிலும் சுண்ணாம்பிலும் இருப்பது பெரும்பாலும் கால்சியம்-40. அதில் 20 புரோட்டான்களும் 20 நியூட்ரான்களும் உண்டு. அதிலிருந்து இரண்டே இரண்டு நியூட்ரான்களை நீக்கிவிட்டால் கிடைப்பது கால்சியம்-38. அதன் அரை ஆயுள் 0.44 வினாடி, அதாவது, கையில் 100 கிடைத்தால், கண்ணை ஒரு முறை இமைத்து நிமிர்வதற்குள் 50தான் மிஞ்சும். இந்தப் பகுதியில் இனி வரும் விளக்கங்களுக்கெல்லாம் கால்சியம்-38ஐயே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

நிறுத்துவது எதற்காக என்பதற்கு விடை நேரம். ஓர் ஊஞ்சல் நிமிடத்துக்கு எத்தனை முறை ஆடுகிறது என்று கணிக்க வேண்டுமானால், ஒரு வினாடி மட்டும் பார்த்துவிட்டுச் சொல்வதற்கும் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுச் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு எல்லோருக்கும் தெரிந்ததே. அணுக்கருவின் நிறையையும் ஓர் ஆட்டத்தின் வேகத்தைக் கொண்டுதான் மிகத் துல்லியமாக அளக்கிறார்கள். ஆகவே எவ்வளவு நேரம் அது நம் கண்காணிப்பில் இருக்கிறதோ அவ்வளவுக்கு விடை கூர்மையாகும். வினாடிக்கு 1,29,000 கிலோமீட்டர் வேகத்தில் பறந்து வரும் அணுக்கரு 100 மீட்டர் நீளமுள்ள கருவியைக் கடக்க ஒரு மைக்ரோவினாடிகூட (வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) ஆகாது. அந்த நிலையிலேயே பறக்கும் நேரத்தைக் கணக்கிட்டு நிறையை அளக்கும் முறைகளும் உண்டு, ஆயுள் மிகக் குறைந்த அணுக்கருக்களுக்கு அவையே கதி. ஆனால் நூறு கோடியில் சில பங்கு என்ற அளவுக்குத் துல்லியம் வேண்டுமென்றால், அணுக்கரு ஓரிடத்தில் நின்றாக வேண்டும்.

கேள்வி: நிறுத்தத்தான் போகிறார்கள் என்றால் முதலிலேயே மெதுவாக உண்டாக்கலாமே? இவ்வளவு வேகம் கொடுத்துவிட்டு அதைப் பிடுங்குவது வீண் வேலை அல்லவா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

மிக நியாயமான கேள்வி. மெதுவாக உண்டாக்கும் முறை பழைய முறையும்கூட. ஜெனீவாவிலுள்ள சேர்ன் ஆய்வகத்தின் ஐசோல்டே நிலையம் 1967 முதல் அப்படித்தான் இயங்கி வருகிறது. கனமான இலக்குப் பொருள் ஒன்றைப் புரோட்டான்களால் தாக்கி, அதை 2,000 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றினால், உள்ளே உண்டான அரிய அணுக்கள் பொருளின் துளைகள் வழியே மெல்லக் கசிந்து வெளியே வருகின்றன. அவற்றை அயனியாக்கி, அதாவது மின்னேற்றம் பெறச் செய்து, குறைந்த வேகக் கற்றையாக எடுத்துக்கொள்ளலாம். கற்றையின் தரத்தில் இம்முறையை விஞ்ச ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். ஆனால் 'மெல்லக் கசிந்து' என்பதில்தான் சிக்கல். சோடியம் போன்ற எளிதில் ஆவியாகும் தனிமங்கள் ஓடி வந்துவிடும். டங்ஸ்டன், சிர்கோனியம் போன்ற உயர் உருகுநிலைத் தனிமங்கள் வெளியே வருவதேயில்லை, அல்லது வந்து சேர்வதற்குள் சிதைந்துவிடுகின்றன. எந்த அணுக்கருவை ஆராயலாம் என்பதை இயற்பியலாளர் தீர்மானிக்காமல் வேதியியல் தீர்மானிக்கிறது.

மிச்சிகனில் பின்பற்றப்படுவது இதற்கு நேர்மாறான வழி. கனமான அயனிகளையே ஒளியின் வேகத்தில் பாதிக்கு அருகில் முடுக்கி, மெல்லிய இலக்கின் மேல் மோதவிடுகிறார்கள். கால்சியம்-40 அயனி பெரிலியத் தகட்டின் ஊடே பாயும்போது இரண்டு நியூட்ரான்கள் உதிர்ந்துவிட்டால், மிஞ்சிய கால்சியம்-38 ஏறக்குறைய அதே வேகத்தில் முன்னோக்கிப் பாய்கிறது. பின்னால் உள்ள காந்தங்கள் மற்ற துண்டுகளிலிருந்து அதைப் பிரித்தெடுத்துவிடுகின்றன. உருகுநிலை, கொதிநிலை என்ற பேச்சே இல்லை. எல்லாத் தனிமமும் ஒன்றுதான். இலக்கிலிருந்து ஆய்வறைக்கு வந்து சேர ஒரு மைக்ரோவினாடி அளவு போதும் என்பதால் வழியில் சிதைவும் இல்லை. இந்த இரண்டு நன்மைகளுக்கும் கொடுக்கும் விலைதான் அந்த வேகம். அதைத் திரும்ப இறக்கிவைக்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: வேகமாக ஓடும் பொருளுக்குக் காலம் மெதுவாகச் செல்லும் என்கிறதே சார்பியல்? அப்படியானால் ஓடவிடுவதுதானே ஆயுளைக் கூட்டும்?
— மின்வாரிய ஊழியர், ஈரோடு

கூட்டும், ஆனால் சொற்பம். ஒளியின் வேகத்தில் 43 சதவீதம் என்ற நிலையில் கால நீட்சி 11 சதவீதத்துக்குள். கால்சியம்-38இன் 0.44 வினாடி 0.49 வினாடியாகத் தோன்றும், அவ்வளவே. அந்த 0.49 வினாடிக்குள் அது 60,000 கிலோமீட்டர் போயிருக்கும். அதைப் பின்தொடர்ந்து அளப்பதற்குச் சுற்றுப்பாதைக் கருவிகள் வேண்டும், அது தனிக் கதை.

கேள்வி: ஓர் உலோகச் சுவரில் மோதினால் நின்றுவிடுமே. அதற்கு ஏன் இத்தனை பெரிய ஆய்வு?
— பட்டறை உரிமையாளர், கோயம்புத்தூர்

நிற்கும். இந்த வேகத்திலுள்ள கால்சியம் அயனியை நிறுத்தச் சில மில்லிமீட்டர் அலுமினியம் போதும். ஆனால் உலோகத்துக்குள் நின்ற அணுக்கரு உலோகத்துக்குள்ளேயே புதைந்து கிடக்கும். அதை அரை வினாடிக்குள் தோண்டி எடுக்க வழி கிடையாது. நிறுத்துவது எளிது, நிறுத்தியதைத் தொலைக்காமல் வெளியே எடுப்பதுதான் கடினம். இந்தத் துறையின் நாற்பதாண்டு உழைப்பில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வேலைக்கே செலவாகியிருக்கிறது என்பது என் கணிப்பு.

ஆகவே உலோகத்தைக் கொண்டு வேகத்தின் பெரும்பகுதியைக் குறைத்துவிட்டு, கடைசி அடியை மட்டும் வாயுவுக்குள் எடுத்து வைக்கச் செய்கிறார்கள். சொல்வதற்கு எளிதாக இருக்கும் இந்த ஏற்பாட்டின் நுணுக்கத்தைப் பட்டறையில் வேலை செய்பவர் உடனே புரிந்துகொள்வார். சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் ஒரு மீட்டர் நீளமுள்ள ஹீலியம் வாயு, அணுக்கருவைத் தடுக்கும் பொருளளவில், சமையலறையில் புழங்கும் அலுமினியத் தாள் நான்கைந்து அடுக்குக்குத்தான் ஈடாகும். முன்னால் வைக்கும் தடுப்பின் தடிமன் அந்த நான்கைந்து அடுக்கு அளவுக்குக் கூடிவிட்டால் அணுக்கரு தடுப்புக்குள்ளேயே நின்றுவிடும். அதே அளவு குறைந்துவிட்டால் வாயுவைத் துளைத்துக்கொண்டு எதிர்ச்சுவரில் போய்ப் புதையும். எனவே சீராக மெருகிட்ட தகடுகளைக் கற்றைக்குக் குறுக்கே வைத்து, அவற்றைச் சற்றே சாய்ப்பதன் மூலம் கற்றை கடக்கும் தடிமனை மைக்ரோமீட்டர் கணக்கில் கூட்டியும் குறைத்தும் சரிசெய்கிறார்கள்.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. இலக்கிலிருந்து கிளம்பும் துண்டுகள் அனைத்தும் ஒரே வேகத்தில் கிளம்புவதில்லை. முன்னே பின்னே சற்று வேறுபட்டால், எல்லாவற்றையும் அந்த மெல்லிய வாயுவுக்குள் நிறுத்த முடியாமல் போகும். இதற்கு ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரிலுள்ள ஜி.எஸ்.ஐ. ஆய்வகத்தார் உருவாக்கிய தீர்வு மிக அழகானது. காந்தம் ஒன்றின் வழியே கற்றையைச் செலுத்தினால், வேகம் கூடியவை ஒரு பக்கமும் குறைந்தவை மறு பக்கமுமாக விரிந்துகொள்ளும். அந்த இடத்தில் தச்சர் அடிக்கும் ஆப்பைப் போல ஒரு பக்கம் தடித்து மறு பக்கம் மெலிந்த தகட்டை வைத்துவிட்டால், வேகமாக வருபவை தடித்த பக்கத்தைக் கடந்து அதிகம் இழக்கும். மெதுவாக வருபவை மெலிந்த பக்கத்தைக் கடந்து குறைவாக இழக்கும். வெளியே வரும்போது எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ ஒரே ஆற்றல். அப்படியும் தடுப்புப் பொருளின் அணுக்களோடு நிகழும் எண்ணற்ற மோதல்கள் ஒவ்வோர் அயனிக்கும் ஒவ்வொரு விதமாக அமைவதால், நின்றுபோகும் தூரம் சிறிதளவு சிதறத்தான் செய்யும். அந்தச் சிதறலை எந்த ஆப்பாலும் சரிசெய்ய முடியாது.

கேள்வி: அந்த வாயு ஹீலியமாகவே இருக்க வேண்டுமா? பலூனில் அடைக்கும் ஹீலியம் போதுமா?
— பள்ளி மாணவர், நாகர்கோவில்

முதல் பகுதிக்கு விடை, ஆம். வாயுவுக்குள் நின்ற பிறகும் அணுக்கரு மின்னேற்றம் பெற்ற அயனியாகவே இருக்க வேண்டும்; இருந்தால்தான் மின்புலத்தைக் கொண்டு அதை இழுத்து வெளியே எடுக்கலாம். பக்கத்திலிருக்கும் வாயு அணுவிடமிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பிடுங்கிக்கொண்டுவிட்டால் அது நடுநிலை அணுவாகி நம் பிடியிலிருந்து நழுவிவிடும். தன் எலெக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்காத தனிமங்களில் முதலிடம் ஹீலியத்துக்கே. அதிலிருந்து ஒன்றைப் பறிக்க 24.6 எலெக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலைக் குறிக்கும் அலகு) தேவை. கால்சியம் முதல் எலெக்ட்ரானை இழக்க 6.1, இரண்டாவதை இழக்க 11.9 போதும். ஆகவே ஹீலியத்துக்கு நடுவே நின்ற கால்சியம் இரண்டு எலெக்ட்ரான் இழந்த நிலையிலேயே நிம்மதியாக இருக்கலாம்.

பலூன் ஹீலியம் போதாது என்பது இரண்டாவது பகுதிக்கு விடை. ஹீலியத்துக்குள் துளி நீராவி இருந்தாலும், அயனி அந்த மூலக்கூறுகளை அணைத்துக்கொண்டு, கால்சியம் என்ற பெயரில் வேறேதோ ஒரு மூலக்கூறாக வெளியே வரும். எனவே நூறு கோடி அணுக்களில் ஒன்றிரண்டு மாசு என்ற அளவுக்கு வாயுவைத் தூய்மைப்படுத்துகிறார்கள். வாயு அடைத்துள்ள கலத்தையே முன்கூட்டிச் சூடேற்றி, சுவரில் ஒட்டிய ஈரத்தை விரட்டுகிறார்கள். அண்மைக்காலக் கலங்கள் இன்னும் ஒரு படி மேலே போய், வாயுவைக் கடுங்குளிரில் வைத்து மாசுகளைச் சுவரிலேயே உறையவிடுகின்றன. ஒரு தமாஷும் உண்டு: 2005இல் மிச்சிகனில் கால்சியம்-38ஐ எடை பார்த்தபோது, ஒப்பிடுவதற்குரிய எடைக்கல்லாகப் பயன்பட்டது, விரட்டியடிக்க வேண்டிய அந்த நீரிலிருந்தே பிறக்கும் அயனி. மூன்று ஹைட்ரஜனும் ஓர் ஆக்சிஜனும் சேர்ந்த அதன் நிறை எண் 19. இரண்டு மின்னேற்றம் கொண்ட கால்சியம்-38க்கும் 38ஐ இரண்டால் வகுக்க 19. இரண்டும் எடை பார்க்கும் பொறிக்குள் ஏறத்தாழ ஒரே வேகத்தில் சுழலும் என்பதால் ஒப்பீடு மிக வசதியாக அமைந்தது.

கேள்வி: வாயுவுக்குள் நின்றுவிட்ட அணுக்கருவை வெளியே எப்படி எடுக்கிறார்கள்? அதில் என்ன கடினம்?
— பொறியாளர், யாழ்ப்பாணம்

நின்ற கணத்தில் அயனியின் சராசரி வேகம் வினாடிக்கு 450 மீட்டர் அளவு. அறை வெப்பநிலையில் அந்த நிறையுள்ள எந்த வாயு அணுவுக்கும் இயல்பான குதிப்பே அது. 380 கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு வந்தது, இப்போது ஓர் எலெக்ட்ரான் வோல்ட்டில் இருபத்தைந்தில் ஒரு பங்கோடு நிற்கிறது. பத்தாயிரம் கோடியில் ஒரு பங்காக ஆற்றல் சுருங்கிவிட்டது. கலத்தின் ஒரு முனையில் ஊசித்துளை போன்ற ஒரு வாய் இருக்கும். வாயு அதன் வழியே வெற்றிடத்துக்குள் சீறிப் பாயும். அதோடு அயனியும் போக வேண்டும். வாயுவின் ஓட்டத்தையே நம்பியிருந்தால் கலம் முழுதும் ஒருமுறை காலியாக வினாடிக்கணக்கில் ஆகிவிடும் என்பதால், மின்முனை வளையங்களை வரிசையாக அமைத்து, மின்புலத்தால் அயனியை வாய்ப்பக்கம் ஓட்டுகிறார்கள்.

ஆனால் நேரான மின்புலம் அயனியைக் கடைசியில் மின்முனையின் மேலேயே கொண்டுபோய் ஒட்டிவிடும். இங்கேதான் ரேடியோ அதிர்வெண் விரிப்பு என்ற சாதனம் வருகிறது. மெல்லிய மின்முனைக் கோடுகளைப் பாய்க் கோரைபோல நெருக்கமாக அமைத்து, அடுத்தடுத்த கோடுகளுக்கு எதிரெதிர் கட்டத்தில் விரைவாக மாறும் மின்னழுத்தத்தைக் கொடுத்தால், அயனி அதன் மேற்பரப்பை நெருங்கும்போதெல்லாம் மெல்லப் பின்தள்ளப்படும், ஒட்டாது. ஜப்பானின் ரிக்கென் ஆய்வகத்தில் வாடா மிச்சிஹாருவும் அவருடைய குழுவினரும் அரிய அயனிகளுக்காக இதை வளர்த்தெடுத்தார்கள். மிச்சிகனின் கேயார்க் போலன் 2011இல் அதன் மேல் இன்னொரு மெல்லிய அலையை ஓடவிட்டு, கடலலையின் முகட்டில் கட்டுமரம் சறுக்கி வருவதைப் போல அயனியை வாயை நோக்கிச் சறுக்கவைக்கும் முறையை முன்வைத்தார். இப்படிச் செய்வதால் கலத்தைக் கடக்கும் நேரம் ஆயிரத்தில் சில பத்து பங்கு வினாடிக்கு இறங்கிவிடுகிறது.

உண்மையான எதிரி வேறு. கடைசிப் பாய்ச்சலில் ஒவ்வொரு அணுக்கருவும் வாயுவுக்குள் பல கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலைக் கொட்டுகிறது. ஹீலியத்தில் ஓர் அயனி–எலெக்ட்ரான் இணையை உண்டாக்க 41 எலெக்ட்ரான் வோல்ட் போதும். அதாவது, நாம் தேடும் ஒற்றை அயனி நிற்பதற்குள் லட்சக்கணக்கில், சில வேளை பத்து லட்சத்துக்கும் மேல், வேண்டாத ஹீலியம் அயனிகளை உண்டாக்கிவிடுகிறது. எலெக்ட்ரான்கள் துள்ளி ஓடிவிடும். கனமான ஹீலியம் அயனிகள் தேங்கி நிற்கும். கற்றை செறிவானால் அந்தத் தேக்கம் தனக்கென ஒரு மின்புலத்தையே உண்டாக்கி, நாம் வெளியிலிருந்து கொடுக்கும் புலத்தை மறைத்துவிடும். திருவிழாக் கூட்டத்தில் ஒருவரைப் பெயர் சொல்லி அழைப்பது போன்ற நிலை. வந்து நின்றவற்றுள் கற்றை மெலிதாக இருக்கும்போது நல்ல பங்கு வெளியே வரும். கற்றையைக் கூட்டக் கூட்டக் கையில் கிடைக்கும் பங்கு குறைந்துகொண்டே போகும்.

மிச்சிகனில் 2022 மே மாதம் திறக்கப்பட்ட புதிய முடுக்கி நிலையம், ஒரு கிலோவாட் கற்றையோடு தொடங்கி 400 கிலோவாட்டை எட்டும் நோக்கத்தோடு அமைக்கப்பட்டது. அரிய அணுக்கருக்கள் பன்மடங்கு கிடைக்கும் என்று மற்ற ஆய்வாளர்கள் மகிழும்போது, வாயுக் கலத்தைக் கவனிப்பவர்களுக்கு மட்டும் அது இரட்டைச் செய்தி.

கேள்வி: 'தலைகீழ் சைக்ளோட்ரான்' என்று ஒன்று அங்கே இருப்பதாகப் படித்தேன். அது என்ன?
— இயற்பியல் விரிவுரையாளர், மதுரை

சைக்ளோட்ரான் என்பது துகள்களைச் சுற்றவிட்டு முடுக்கும் கருவி. சாதாரண சைக்ளோட்ரானில் அயனி மையத்திலிருந்து கிளம்பி, சுற்றுக்குச் சுற்று ஆற்றல் பெற்று, விரியும் சுருளாக வெளி விளிம்பை அடைகிறது. அதைப் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள். அயனி வெளி விளிம்பில் நுழைகிறது. காந்தப்புலம் அதை வட்டமாக வளைக்கிறது. உள்ளே நிரம்பியிருக்கும் மெல்லிய ஹீலியம் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் ஆற்றலை உறிஞ்சிக்கொள்கிறது. வேகம் குறையக் குறைய வட்டம் சுருங்கி, கடைசியில் மையத்துக்கு அருகே வந்து அடங்குகிறது. மையத்தில் விரிப்பு காத்திருக்கும்.

இதன் நன்மை முதலில் இலேசான அணுக்கருக்களுக்கு. அவை வாயுவில் நெடுந்தூரம் ஓடுபவை. அவற்றின் நிற்கும் தூரத்திலுள்ள சிதறலும் அதற்கேற்ப நீளமானது. நேர்க்கோட்டுக் கலத்தில் அவற்றுக்கு மீட்டர் கணக்கில் வாயு வேண்டும். சுருளாகச் சுற்றவிட்டால் நெடும் பாதை ஒரு காந்தத்துக்குள் அடங்கிவிடுகிறது. அழுத்தத்தையும் மிகக் குறைவாக வைத்துக்கொள்ளலாம், அதனால் விரிப்பு நன்றாக வேலை செய்யும். இரண்டாவது நன்மை அதைவிட முக்கியம் என்பேன்: அயனியாக்கத்தின் பெரும்பகுதி வெளிச்சுற்றுகளில் நிகழ்ந்துவிடுகிறது, அணுக்கரு நிற்பது மையத்தில். கூட்டம் கூடும் இடமும் ஆள் நிற்கும் இடமும் வெவ்வேறாகிவிடுகின்றன.

மீக்கடத்து (மின்தடையே இல்லாத) கம்பிச்சுருள் கொண்ட பெருங்காந்தம் ஒன்றை இதற்காக மிச்சிகனில் கட்டினார்கள்; அதன் புலம் 2 டெஸ்லாவுக்கு (காந்தப்புலத்தின் அலகு) மேல். யோசனை முற்றிலும் புதியதல்ல. சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிலையத்தில் மியூவான் முதலிய துகள்களைச் சுருள்பாதையில் வேகமிழக்கச் செய்து பிடிக்கும் சைக்ளோட்ரான் பொறி ஏற்கெனவே பயன்பட்டிருக்கிறது. கனமான அயனிகளுக்கு அதை மாற்றுவதில் உள்ள தொல்லை, வேகம் குறையும்போது அயனி வாயுவோடு எலெக்ட்ரான்களை ஓயாமல் கொடுத்து வாங்குவதால் அதன் மின்னேற்றம் மாறிக்கொண்டே இருப்பது. மின்னேற்றம் மாறினால் வட்டத்தின் ஆரமும் மாறும். அயனி மேலும் கீழும் நழுவி ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ள, காந்த முனைகளை மேடும் பள்ளமுமான பகுதிகளாகச் செதுக்கியிருக்கிறார்கள்.

கேள்வி: இவ்வளவுக்கும் பிறகு எடை பார்ப்பது எப்படி? தராசு எது?
— வணிகர், சிவகாசி

தராசின் பெயர் பென்னிங் பொறி. பென்னிங் என்ற டச்சு இயற்பியலாளரின் பெயரால் வழங்கும் இதைச் செம்மைப்படுத்திய ஹான்ஸ் டெமெல்ட்டுக்கு 1989இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. வலுவான காந்தப்புலத்தில் அயனி வட்டமடிக்கும். அச்சின் திசையில் அது ஓடிவிடாதபடி மின்புலம் இரு பக்கமும் அணைகட்டும். வட்டமடிக்கும் அதிர்வெண் மின்னேற்றம், காந்தப்புலம், நிறை ஆகிய மூன்றை மட்டுமே பொறுத்தது. மிச்சிகனின் லெபிட் பொறியில் புலம் 9.4 டெஸ்லா, இரு மின்னேற்றக் கால்சியம்-38 அதில் வினாடிக்குச் சுமார் 76 லட்சம் சுற்று சுற்றும். நிறை அறிந்த ஓர் அயனியை அதே பொறியில் சுற்றவிட்டு, இரண்டு அதிர்வெண்களின் விகிதத்தை எடுத்தால் காந்தப்புலத்தின் மதிப்பே தேவைப்படாது.

எண்ணுவது எப்படி என்றால், வானொலிப் பெட்டியின் குமிழைத் திருகி நிலையத்தைப் பிடிப்பதைப் போலத்தான். வெளியிலிருந்து ஓர் அதிர்வெண்ணைக் கொடுத்துவிட்டு அயனியை வெளியே தள்ளி, உணர்கருவியை அடைய அது எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பார்ப்பார்கள். கொடுத்த அதிர்வெண் பொருந்தியிருந்தால் அயனி ஆற்றல் பெற்றுச் சீக்கிரம் வந்து சேரும். மூன்றில் ஒரு பங்கு வினாடி உள்ளே வைத்திருந்தால் 3 ஹெர்ட்ஸ் அகலமுள்ள குறி கிடைக்கும். 76 லட்சத்தில் 3. பல நூறு அயனிகளைக் கொண்டு அந்தக் குறியின் நடுப்புள்ளியை இன்னும் கூர்மையாக்கலாம். கால்சியம்-38க்கு அன்று கிட்டிய துல்லியம் நூறு கோடியில் 8 பங்கு. ஐந்து டன் யானையை நிறுக்கும்போது, அதன் முதுகில் இரண்டு அரிசி மணி இருக்கிறதா இல்லையா என்று சொல்வதற்குச் சமம்.

கேள்வி: இவ்வளவு துல்லியமாக நிறையை அறிந்து ஆகப்போவது என்ன?
— இல்லத்தரசி, சேலம்

அணுக்கருவைக் கட்டி வைத்திருக்கும் பிணைப்பாற்றலே நிறையில் மறைந்திருக்கிறது என்பதால், நிறை தெரிந்தால் எந்தச் சிதைவில் எவ்வளவு ஆற்றல் வெளிப்படும் என்பது தெரியும். கால்சியம்-38இன் பீட்டா சிதைவு, அதாவது ஒரு புரோட்டான் நியூட்ரானாக மாறும் சிதைவு, மிக எளிய வகையைச் சேர்ந்தது; அதன் ஆற்றல், அரை ஆயுள், கிளைப்பங்கு (எந்த வழியில் எத்தனை பங்கு சிதைகிறது என்பது) மூன்றையும் துல்லியமாக அறிந்தால், புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும் உள்ளிருக்கும் குவார்க்குகள் ஒன்று மற்றொன்றாக மாறும் வலிமையைக் குறிக்கும் எண்ணைப் பெறலாம். இயற்பியலாளர்கள் ஜான் ஹார்டியும் இயன் டவுனரும் பல்லாண்டுகளாக இத்தகைய சிதைவுகளைத் திரட்டி ஒப்பிட்டார்கள். இன்றைய துகள் கோட்பாட்டின்படி அந்த எண்ணின் வர்க்கத்தோடு அதே வகையைச் சேர்ந்த மற்ற இரண்டு எண்களின் வர்க்கங்களைக் கூட்டினால் சரியாக 1 வர வேண்டும். இப்போது வருவது அதைவிட மிகச் சற்றே குறைவு. கணக்குத் திருத்தங்களில் பிழையா, கோட்பாட்டில் விடுபட்டது ஏதாவதா என்பது இன்னும் தீரவில்லை.

விண்ணிலும் இதற்கு வேலை இருக்கிறது. துணை விண்மீனிலிருந்து ஹைட்ரஜனை உறிஞ்சும் நியூட்ரான் விண்மீன்களின் மேற்பரப்பு அவ்வப்போது வெடித்து எக்ஸ் கதிரை வீசுகிறது. வெடிப்பின்போது அணுக்கருக்கள் புரோட்டான்களை விழுங்கி விழுங்கிக் கனமாகின்றன; செலினியம்-68 போன்ற சில இடங்களில் அந்த ஓட்டம் முட்டுக்கட்டையில் நிற்கிறது. அதன் அரை ஆயுள் 35 வினாடிக்குச் சற்று மேல். வெடிப்பே ஒரு நிமிட அளவில் முடிந்துவிடக்கூடும். முட்டுக்கட்டை எவ்வளவு வலியது என்பதை அண்டை அணுக்கருக்களின் நிறைகள்தான் தீர்மானிக்கின்றன. 2009இல் லெபிட் பொறி செலினியம்-68இன் நிறையைத் தந்தது.

நிறை மட்டுமல்ல, உருவ அளவும் இப்படித்தான் கிடைக்கிறது. நிறுத்தி எடுத்த கால்சியம் அயனிகளின் மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சி, கால்சியம்-36, 37, 38 ஆகியவற்றின் மின்னேற்ற ஆரத்தை அளந்த முடிவுகள் 2019இல் வெளிவந்தன. கோட்பாடுகள் எதிர்பார்த்ததைவிட அவை சிறியவையாக இருந்தன. புதிய நிலையத்தில் முதலில் பொறிக்குள் அடைபட்டது அலுமினியம்-22. அதன் கடைசிப் புரோட்டானைப் பிடித்து வைத்திருக்கும் ஆற்றல் வெறும் 100 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் என்று 2024இல் அறிவித்தார்கள். வழக்கமான அணுக்கருக்களில் இது அதைப்போல் ஐம்பது, எண்பது மடங்கு இருக்கும்.

கேள்வி: இந்தியாவில் இத்தகைய பணி உண்டா?
— முதுகலை மாணவர், சென்னை

கொல்கத்தாவின் வேரியபிள் எனர்ஜி சைக்ளோட்ரான் மையத்தில் அரிய அயனிக் கற்றைகளை உண்டாக்கும் பணி நெடுங்காலமாக நடந்து வருகிறது. ஹீலியம் தாரையில் ஏற்றி அரிய அணுக்களைக் கொண்டுசெல்லும் முறையை அங்கே கையாண்டிருக்கிறார்கள். தவிர, டார்ம்ஸ்டாட்டில் எழுந்துவரும் ஃபேர் என்ற முடுக்கி நிலையத்தை நிறுவிய நாடுகளில் இந்தியாவும் ஒன்று. குளிர்ந்த ஹீலியக் கலத்தில் அரிய அணுக்கருக்களை நிறுத்தும் ஏற்பாடு அந்த நிலையத்தின் திட்டத்தில் இருக்கிறது. இத்துறைக்குச் செல்ல விரும்புவோர் அணுக்கரு இயற்பியலோடு வெற்றிடத் தொழில்நுட்பத்தையும் ரேடியோ அதிர்வெண் மின்னணுவியலையும் கற்றுக்கொள்வது நல்லது. ஆய்வறையில் பாதி நாள் அவற்றோடுதான் கழியும்.

கேள்வி: நிறுத்திய அணுக்கருவை மறுபடியும் முடுக்கி ஓடவிடுகிறார்களாமே, இது என்ன விந்தை?
— அஞ்சல் ஊழியர், விருதுநகர்

உண்மைதான். விண்மீன்களுக்குள் அணுக்கருக்கள் மோதிக்கொள்ளும் ஆற்றல் மிகக் குறைவு. துண்டாகிப் பாய்ந்து வரும் கற்றையின் வேகம் அதற்குப் பல மடங்கு மேல், அதோடு தாறுமாறாகப் பரந்தும் இருக்கும். பறக்கும்போதே வேகத்தைத் தணித்தால் கற்றை மேலும் சிதறிப்போகிறது. ஆகவே முழுதாக நிறுத்தி, வாயுவின் குளிர்ச்சியில் அதன் பழைய வேகத்தையெல்லாம் மறக்கச் செய்து, எலெக்ட்ரான்களை மேலும் உரித்து, சிறிய மீக்கடத்து முடுக்கி ஒன்றின் வழியே வேண்டிய வேகத்துக்கு மட்டும் ஏற்றுகிறார்கள். மிச்சிகனில் ரீஏ என்று அழைக்கப்படும் அந்த முடுக்கி, ஒரு நியூக்ளியானுக்கு (புரோட்டான் அல்லது நியூட்ரான் ஒன்றுக்கு) சில மெகா எலெக்ட்ரான் வோல்ட் அளவு ஆற்றலைத் தருகிறது. கலத்தில் நின்று, துளையில் புகுந்து, மறுபடி முடுக்கப்பட்டு இலக்கை அடையும் வரை அணுக்கருவின் ஆயுள் ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்பதால், வந்தவற்றில் சிறு பங்கே கடைசியில் மிஞ்சும்.